உங்களுக்குத் தெரியுமா? – அணை ஏறும் கப்பல்

காவிரியில் இன்றும் படகுப் போக்குவரத்து உண்டு. சேலம் மாவட்டத்துப் பூலாம்பட்டியில் விசைப்படகு ஏறினால் அக்கரை ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டை. பைக்கையும் படகிலேயே ஏற்றிக்கொள்ளலாம்.

பூலாம்பட்டியில் ஆண்டின் பெரும்பகுதி ஆறு ஏரிபோல் நிறைந்து கிடக்கக் காரணம் கதவணை. பராமரிப்புக்காக அதன் தண்ணீரை வெளியேற்றினால் படகும் நின்றுவிடும். மேட்டூரிலிருந்து வெள்ளம் வந்தாலும் அப்படியே. கதவணையைத் தாண்டிப் படகு கீழே போக வழியில்லை.

ரஷ்யாவின் வோல்கா ஆற்றிலும் வரிசையாக அணைகள். ஆனால் நூற்றுக்கணக்கான பயணிகள் தங்கும் சொகுசுக் கப்பல்கள் அவற்றை ஏறி இறங்குகின்றன! அணையை ஒட்டி, இரு முனையிலும் கதவு வைத்த பெரிய தொட்டி இருக்கும். கப்பல் உள்ளே நுழைந்ததும் கதவை அடைத்து மேல்மட்டத் தண்ணீரை விடுவார்கள். தண்ணீரோடு கப்பலும் உயரும். மேல் கதவு திறக்கும், கப்பல் கிளம்பிவிடும். இதற்கு ‘லாக்’ என்று பெயர். பம்ப் தேவையில்லை, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் தண்ணீரே கப்பலைத் தூக்கிவிடுகிறது.

வோல்காவை டான் ஆற்றோடு இணைக்க 1952-இல் திறக்கப்பட்ட வோல்கா–டான் கால்வாயின் நீளம் 101 கிலோமீட்டர். வோல்கா பக்கம் 9 லாக்குகளில் 88 மீட்டர் ஏறும் கப்பல், டான் பக்கம் 4 லாக்குகளில் 44 மீட்டர் இறங்குகிறது. நம் மேட்டூர் அணையின் உயரம் 214 அடி, அதாவது சுமார் 65 மீட்டர். அதையும் விஞ்சும் ஏற்றம் இது.

மாஸ்கோவில் கடலே கிடையாது. ஆனாலும் அதற்கு ‘ஐந்து கடல்களின் துறைமுகம்’ என்று பெயர். வெள்ளைக்கடல், பால்டிக், காஸ்பியன், அசோவ், கருங்கடல் ஐந்துக்கும் அங்கிருந்து ஆறும் கால்வாயுமாகவே போகலாம். மாஸ்கோவை வோல்காவோடு இணைக்கும் 128 கிலோமீட்டர் கால்வாய் 1937-இல் திறக்கப்பட்டது. அதை வெட்டியவர்களில் பெரும்பாலோர் ஸ்டாலின் காலத்துக் கைதிகள். பலர் அங்கேயே மாண்டுபோனார்கள். கப்பலில் போகிறவர்கள் அவர்களை நினைக்கத்தான் வேண்டும்.

குளிர்காலத்தில் ஆறுகள் உறைந்துவிடுவதால், பயணக் காலம் ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரைதான்.

நம் நாட்டு ஆறுகளிலும் சொகுசுக் கப்பல் போனதுண்டு: ‘கங்கா விலாஸ்’ 2023 ஜனவரி 13 அன்று வாரணாசியில் புறப்பட்டு, வங்கதேசம் வழியாக அசாமின் திப்ருகர் சேர்ந்தது. சுமார் 3,200 கிலோமீட்டர் பயணம்.

வோல்காக் கப்பல்கள் கல்யாசின் என்ற ஊரருகே, தண்ணீருக்கு நடுவே தனித்து நிற்கும் மணிக்கூண்டைக் கடந்து போகின்றன. அணைக்காகப் பழைய ஊரின் பெரும்பகுதி மூழ்கியபோது தண்ணீருக்கு மேலே எஞ்சி நின்றது அது. மேட்டூர் அணைக்காக மூழ்கிய ஊர்களின் எச்சம் நம்மிடமும் உண்டு. நீர்மட்டம் வெகுவாகக் குறையும்போது பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே தெரியும். தண்ணீர் உயர்ந்ததும் பண்ணவாடி–நாகமரை படகுகள் ஓடும் நீருக்கடியில் அவை மீண்டும் மறைந்துவிடும்.