வயிற்றில் வெள்ளம், இரத்தத்தில் வறட்சி!

நம் நாஞ்சில் நாட்டில் வரப்பை நண்டு துளைத்தால் என்ன ஆகும்? பக்கத்து வயல் நிரம்பும்; நம் வயல் காயும். இதே நிலை உடலிலும் நேர்வதுண்டு.

1978இல் கொல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி, ஊசிமருந்தால் பல சினைமுட்டைகளை முதிரச் செய்து எடுத்து, சோதனைக்குழாய்க் குழந்தையை உருவாக்கினார். இன்று பரவலாகிவிட்ட இம்முறையில், தூண்டப்பட்ட சூலகத்திலிருந்து வரும் ஒரு புரதம், சிலருக்கு இரத்த நுண்குழாய்களின் சுவர்களைக் கசியச் செய்கிறது. நீரை இரத்தத்தில் பிடித்து வைப்பது ஆல்புமின் என்னும் புரதம். அதுவும் நீருடன் வெளியேறி வயிற்றில் தேங்குகிறது. இரத்தமோ கெட்டியாகிறது, உறையவும் கூடும்.

வயிறு வீங்குகிறதே என்று தண்ணீரை நிறுத்தலாமா? கூடாது! தாகத்திற்கேற்பக் குடிக்க வேண்டும். தினமும் எடை பார்க்க வேண்டும். மூச்சுத்திணறினாலோ சிறுநீர் குறைந்தாலோ உடனே மருத்துவமனை செல்ல வேண்டும். அங்கே ஊசியால் நீரை வடிப்பர். தேவையானால் ஆல்புமின் ஏற்றுவர். கசிவு நின்றதும், எஞ்சிய நீர் மெல்ல இரத்தத்திற்கே திரும்பிவிடும்.