மலையகத் தமிழ்க் கவிதை

மலையகத் தமிழ்க் கவிதை என்பது இலங்கையின் மத்திய மலைநாட்டுப் பெருந்தோட்டங்களில் வாழும் தமிழரிடையே தோன்றி வளர்ந்த பாடல், கவிதை மரபைக் குறிக்கும். ஈழத்து இலக்கியத்தின் ஒரு கிளையான இது வாய்மொழிப் பாடல்களில் தொடங்கி, தொழிற்சங்க மேடைப் பாடல்களாகவும் பின்னர் அச்சில் வெளிவந்த கவிதைகளாகவும் வளர்ந்தது. குடியுரிமையும் வாக்குரிமையும் நீண்டகாலம் மறுக்கப்பட்டிருந்த ஒரு சமூகம் தன் வாழ்வைத் தானே கூறுவதற்குக் கவிதையைப் பயன்படுத்தியமை இம்மரபின் முதன்மையான இயல்பாகும்.

பின்னணி

19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரித்தானியர் கண்டிப் பகுதியில் கோப்பித் தோட்டங்களை அமைக்கத் தொடங்கினர். இவற்றில் வேலை செய்வதற்குத் தென்னிந்தியாவின் தமிழ்ப் பகுதிகளிலிருந்து தொழிலாளர் கொண்டுவரப்பட்டனர். ஆட்களைத் திரட்டி வந்து மேற்பார்வை செய்தவர்கள் கங்காணிகள் எனப்பட்டனர். தொழிலாளியின் கடனைக் குறித்து வழங்கப்பட்ட 'துண்டு', கடன் தீரும்வரை அவரைக் கங்காணியுடன் பிணைத்து வைத்தது. இம்முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கோப்பி நோயினால் அழிந்தபின் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறினாலும் லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பும் கங்காணி முறையும் தொடர்ந்தன.

வாய்மொழிப் பாடல்கள்

எழுத்தறிவுக்கு வாய்ப்பற்றிருந்த தொழிலாளர்கள் தமிழகத்திலிருந்து தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தெம்மாங்கு முதலிய பாடல் வடிவங்களைத் தம்முடன் கொண்டுவந்தனர். காலப்போக்கில் இவற்றின் பொருள் மாறியது. அதிகாலைப் பெரட்டுக்களம், கொழுந்து நிறுவை, குறித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு அரை நாட் கூலி மட்டும் வழங்கும் 'அரைப்பேர்', கங்காணியின் அடாவடி, துரையின் அதிகாரம் ஆகியன பாடுபொருள்களாயின. துரையிடம் நேரில் கூற முடியாத முறைப்பாட்டைப் பாட்டில் கூற முடிந்தது. பாட்டு எல்லோருக்கும் பொதுவானதாகையால் அதற்காக எவர் ஒருவரையும் தண்டிப்பது எளிதாக இருக்கவில்லை. ஆனால் இதே காரணத்தால், தாலாட்டையும் ஒப்பாரியையும் கட்டிய பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் பதிவாகாமற் போயின.

கோப்பிக் கிருஷிக் கும்மி

இலங்கைப் பெருந்தோட்டம் பற்றி அச்சில் வந்த தொடக்ககாலத் தமிழ் நூல்களுள் ஒன்று ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' ஆகும். இது 1869 ஆம் ஆண்டு வெளிவந்தது. கோப்பிச் செய்கையின் முறைகளையும் சிறப்பையும் கூறும் இந்நூல் தோட்ட நிர்வாகத்தின் நோக்கிலேயே அமைந்துள்ளது. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் முதன்முதலாக அறியப்பட்டதும் அதே ஆண்டிலேயே என்பது குறிப்பிடத்தக்கது. தொழிலாளரின் சொந்த வடிவமான கும்மி, இங்கு அவர்களை வேலைக்கு ஊக்கும் கருவியாகப் பயன்பட்டது. கவிதை வடிவம் தன்னளவில் எப்பக்கத்தையும் சார்ந்ததன்று என்பதற்கு இந்நூல் ஒரு சான்றாகும்.

மேடைப் பாடல்கள்

1931 இல் கோ. நடேசய்யர் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவரது துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிற்சங்கப் பணியிலும் இதழியலிலும் ஈடுபட்டதுடன், தாமே பாடல்களை இயற்றிக் கூட்டங்களில் பாடினார். அரச சேவையில் நாட்கூலிகளாக இருந்த இந்தியரை விலக்கும் நடவடிக்கை 1939 இல் தொடங்கியிருந்த சூழலில், 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் அவரது பாடல் தொகுப்பு 1940 இல் வெளிவந்தது.

இவ்வகைப் பாடல்கள் பரவுவதற்கு அவற்றின் அமைப்பே உதவியது. மெட்டு முன்பே அறிந்ததாக இருந்தால் சொற்கள் விரைவில் மனத்தில் பதியும். சிறு நூலை ஒருவர் வாசித்தால் லயம் முழுவதும் அதைக் கற்றுக்கொள்ளலாம். இதனால் எழுத்தறியாதோருக்கும் அரசியற் செய்தி சென்றடைய முடிந்தது.

குடியுரிமை இழப்பும் சி. வி. வேலுப்பிள்ளையும்

1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசைச் சேர்ந்த ஏழு பேர் நாடாளுமன்றத்துக்குத் தெரிவாகினர். அவர்களுள் ஒருவர் தலவாக்கலைத் தொகுதியில் வென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்து 1949 இல் வந்த சட்டங்களும் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1952 தேர்தலில் அவர்கள் சார்பில் ஒருவரும் தெரிவாகவில்லை.

நாடாளுமன்றத்தில் இடம் இழந்த வேலுப்பிள்ளை 1954 இல் 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்னும் ஆங்கில நெடுங்கவிதையை வெளியிட்டார். தேயிலைச் செடியின் அடியில் பெயரின்றிப் புதைந்துபோன உழைப்பாளரை நினைவுகூருவது இதன் மையப் பொருளாகும். இது சக்தீ அ. பாலையாவால் 'தேயிலைத் தோட்டத்திலே' என்னும் பெயரில் தமிழாக்கப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதியமையால், தோட்டத்தின் நிலை கொழும்பு வாசகருக்கும் வெளிநாட்டவருக்கும் எட்டியது. தோட்டப்புற நாட்டார் பாடல்களையும் வேலுப்பிள்ளை சேகரித்தார். அச்சேறாதிருந்த பல பாடல்கள் அழியாமல் எஞ்சியமைக்கு இப்பணி காரணமாயிற்று.

தொழிலாளர் கவிஞர்கள்

1960களில் 'மலையகம்' என்னும் சொல் இலக்கியத்தில் பரவலாகியது. இந்தியத் தோட்டக் கூலிகள் என்று பிறர் அழைத்த மக்கள், தாம் பிறந்து உழைக்கும் மண்ணைக் கொண்டு தமக்குப் பெயரிட்டுக்கொண்டனர். குறிஞ்சித்தென்னவன், மல்லிகை சி. குமார் போன்றோர் தோட்டத் தொழிலாளராக இருந்துகொண்டே எழுதினர். முன்னர் பெயரின்றிப் பாடிய சமூகத்திலிருந்து, தம் பெயருடன் நூல் வெளியிடும் கவிஞர்கள் தோன்றினர்.

1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வழிசெய்தது. குடும்பங்களும் அயலவரும் பிரிந்து சென்ற துயரம் இதன்பின் மலையக எழுத்தின் முக்கிய கருப்பொருள்களுள் ஒன்றாயிற்று.

தாக்கமும் வரம்பும்

குடியுரிமைச் சிக்கல் தொழிற்சங்கப் போராட்டங்கள், அரசியற் பேச்சுகள், சட்டங்கள் ஆகியவற்றினாலேயே படிப்படியாகத் தீர்ந்தது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் நிறைவேறியது. இம்மாற்றத்தைக் கவிதை கொண்டுவந்தது எனக் கூறுவது பொருந்தாது. எனினும், வாக்குரிமை இல்லாதிருந்த காலத்தில் தம்மை ஒரு மக்களாக உணர்வதற்கும், கங்காணியின் பேரேட்டில் வெறும் 'பேர்' ஆக எழுதப்பட்டவர்கள் தம் வாழ்வைத் தம் சொல்லிலேயே பதிவு செய்வதற்கும் மலையகக் கவிதை இடமளித்தது.