உஷார்! ஒரு பக்கக் காது மட்டும் அடைக்கிறதா?

மார்கழியில் சொர்க்கவாசல் வரிசையில் நின்று பிடித்த சளி, பொங்கலோடு போயிருக்க வேண்டும். மாசி பிறந்தும் ஒரு காது மட்டும் அடைத்தே இருக்கிறதா? மூக்கைப் பிடித்து ஊதியாயிற்று, நல்லெண்ணெய் காய்ச்சி விட்டாயிற்று, ஆவி பிடித்தாயிற்று. போதும். இனியும் சத்திரம் பேருந்து நிலையத்து மெடிக்கல் ஷாப்பில் "அண்ணே, காதுக்கு ஒரு டிராப்ஸ் குடுங்க" என்று போய் நிற்காதீர்கள். ஈ.என்.டி. டாக்டரிடம் போய், மூக்கின் பின்புறத்தைக் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

காது அடைத்தால் மூக்கை எதற்குப் பார்க்க வேண்டும்? நடுக்காதிலிருந்து ஒரு மெல்லிய குழல் மூக்கின் பின்பக்கத்தில் வந்து திறக்கிறது. அந்தத் திறப்பை ஒட்டி ஒரு சின்னப் பள்ளம் உண்டு. மூக்குத்தொண்டைப் புற்றுநோய் பெரும்பாலும் அங்கேதான் தலையெடுக்கிறது. கட்டி குழலை அடைத்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டு காது மந்தமாகும். கண்ணாடி முன் வாயை எவ்வளவு அகலத் திறந்தாலும் அந்த இடம் தெரியாது. உள்நாக்குக்கும் மேலே மறைந்து கிடக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "தொண்டை சுத்தமா இருக்கு" என்று சொல்லி அனுப்பினால், பார்க்க வேண்டிய இடத்தை இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

காலையில் காறித் துப்பும் சளியில் ரத்தக் கீற்று, ஒரே பக்கம் மூக்கடைப்பு, பார்ப்பதெல்லாம் இரண்டாகத் தெரிவது, கன்னம் மரத்துப்போவது ஆகியவையும் இதன் அடையாளங்கள். ஆனால் அதிகம் பேரை டாக்டரிடம் கொண்டுவந்து நிறுத்துவது கழுத்துக் கட்டிதான். காதுக்குக் கீழே, தாடை மூலைக்குப் பின்னால் உருண்டையாகத் தட்டுப்படும். வலிக்காது. வலிக்காததாலேயே ஆளைச் சும்மா இருக்க வைத்துவிடும். நம் ஊரில் கழுத்தில் கட்டி என்றால் நெறிகட்டு என்பார்கள், இல்லாவிட்டால் டி.பி. என்பார்கள். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் ஊசி குத்திச் சாம்பிள் எடுத்துப் பார்க்காமலே ஆறு மாத டி.பி. மாத்திரையைத் தொடங்கினால், புற்றுநோய்க்கு ஆறு மாதம் இலவசமாகக் கிடைத்த மாதிரி. அவசரப்பட்டுக் கட்டியைக் கீறி எடுக்கவும் விடாதீர்கள். முதலில் மூக்கின் பின்புறத்தைப் பார்க்கட்டும். வயதானவர்களுக்குத்தான் வரும் என்றும் நினைக்க வேண்டாம். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கும் வருகிறது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் இது அபூர்வ நோய். தென் சீனத்தின் குவாங்டாங், ஹாங்காங் பக்கம் அதிகம். இந்தியாவில் நாகாலாந்து, குறிப்பாகக் கோஹிமாவில் அதிகம். 2022-இல் உலகம் முழுவதும் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 1,20,000 பேர். ஆகவே திருச்சியில் அடைக்கிற காதுகளில் ஏறக்குறைய எல்லாமே சளியும் குறும்பியும்தான். பெரியவர்களுக்கு ஒரே பக்கமாக வந்து மூன்று வாரம் தாண்டியும் போகாததை மட்டும் விடாதீர்கள்.

அபூர்வ நோய் என்பதாலோ என்னவோ, வாட்ஸ்அப்பில் இதைப் பற்றிப் புரளி மட்டும் ஏராளம். கருவாடு சாப்பிட்டால் மூக்கில் கேன்சர் என்று ஒரு ஃபார்வர்ட் சுற்றுகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை குற்றம் சாட்டியிருப்பது சீன முறை உப்புமீனை. தென் சீனத்தில் கைக்குழந்தைக்கே கஞ்சியோடு ஊட்டும் வழக்கம் இருந்தது. மற்ற உப்புமீன்களைப் பற்றி முடிவு சொல்லப் போதிய சான்று இல்லை என்றுதான் அதே முகமை சொன்னது. எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருப்பது உண்மை. ஆனால் அது பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஏற்கெனவே உடம்பில் குடியிருக்கிறது, தடுப்பூசியும் இல்லை. அதனால் 'கேன்சர் பேக்கேஜ்' என்று விற்கும் லேபில் அந்த வைரஸுக்கான ரத்தப் பரிசோதனை செய்து, "பாசிட்டிவ்" என்று பார்த்துத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள். ஹாங்காங்கில் சுமார் 20,000 ஆண்களின் ரத்தத்தில் இந்த வைரஸின் மரபணுத் துணுக்கைத் தேடினார்கள். 34 பேருக்கு நோய் தெரிந்தது, பெரும்பாலும் ஆரம்ப நிலையிலேயே. நோய் மிகுந்த ஊரில் பலன் தந்த சோதனை அது. அறிகுறி எதுவுமில்லாத உறையூர்க்காரருக்கு அது தேவையில்லை.

உறையூர் என்றதும் சுருட்டு நினைவுக்கு வருகிறது. ஷெர்லாக் ஹோம்ஸ் சாம்பலைப் பார்த்தே திருச்சி சுருட்டு என்று கண்டுபிடிக்கும் கதை 1887-இல் வந்தது. அத்தனை பேர் பெற்ற சரக்கு. பேரும் புகழும் ஒரு பக்கம் இருக்கட்டும், புகைப்பது இந்நோயின் காரணங்களில் ஒன்று. நம் கையால் தடுக்க முடிந்ததில் முதலில் நிற்பதும் அதுதான். மரத்தூளும் ஃபார்மலினும் அதே பட்டியலில் இருக்கின்றன. மரப்பட்டறையில் இழைப்பவர் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, நல்ல முகக்கவசம் வேண்டும். தூளை உறிஞ்சும் ஏற்பாடும் வேண்டும். ஸ்ரீரங்கத்துத் திண்ணையில் மூக்குப்பொடி போடும் தாத்தாக்களுக்கு இன்னொரு சிக்கல். சளியில் ரத்தம் கலந்து வந்தாலும் "பொடி காரம்டா" என்று சொல்லிச் சமாளித்துவிடுவார்கள். பேரன்கள்தான் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டும். புத்தூர் அரசு மருத்துவமனையிலேயே ஈ.என்.டி. பிரிவு இருக்கிறது.

நோய் உறுதியானால் பிரதான சிகிச்சை கதிர்வீச்சு. நம் மக்கள் பாஷையில் 'கரண்ட் வைப்பது'. வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம். முற்றியிருந்தால் கீமோவும் சேரும். ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலோர் குணமாகிறார்கள். உஷாராக இருக்க வேண்டிய காலம் அதற்குப் பிறகுதான். திரும்பி வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருஷத்துக்குள் வரும்: பழைய இடத்தில், கழுத்தில், அல்லது எலும்பு, நுரையீரல், கல்லீரலில். நோய் எவ்வளவு முற்றிய நிலையில் பிடிபட்டதோ அவ்வளவுக்கு அந்த அபாயமும் அதிகம். அடையாறிலோ வேலூரிலோ சிகிச்சை முடித்துவிட்டு வந்தவர், "நல்லாத்தானே சாப்பிடுறேன், மறுபடி எதுக்கு ரயில்ல அலையணும்" என்று செக்கப்பை நிறுத்துவது சரியாக அந்த வருஷங்களில்தான். பழைய இடத்தில் சிறிதாக இருக்கும்போதே கண்ணில் பட்டால், மூக்கு வழியாகவே எடுக்கவோ மீண்டும் கரண்ட் வைக்கவோ வழியுண்டு. வளர்ந்த பிறகு அந்த வழிகள் ஒவ்வொன்றாக அடைபடும். கரண்ட் வைத்த பக்கம் காது அடைப்பது வெறும் பக்கவிளைவாகவும் இருக்கலாம், நோயாகவும் இருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. விடாத முதுகுவலியையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கழுத்தில் கரண்ட் வைத்தால் தைராய்டு மெல்ல மந்தமாகலாம், அதற்கு ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும்.

கடைசியாகப் பல். கரண்ட் வைத்தவர்களுக்கு உமிழ்நீர் வற்றுவதால் பல் சீக்கிரம் சொத்தையாகும். வலி தாங்காமல் தெருமுனைக் கிளினிக்கில் பிடுங்கிவிட்டால் புண் ஆறாமல் தாடை எலும்பே செத்துப்போகலாம், சிகிச்சை முடிந்து பத்து வருஷம் ஆகியிருந்தாலும். நாற்காலியில் சாய்வதற்கு முன்பே பழைய ஃபைலை பல் டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள்.