மென்பொருட் கம்பனித் தொழில்: நலமும் இடரும்

உயர்தர வகுப்பிலே கணிதம் பயிலும் மாணாக்கர் பலர் இன்று மென்பொருட் கம்பனியொன்றிலே தொழில் பெறுதலை இலக்காகக் கொண்டுள்ளனர். அத்தொழிலின் நலங்களை ஒரு நிரையாகவும் இடர்களை மற்றொரு நிரையாகவும் எழுதி ஒப்பிடுதல் வழக்கம். ஆயின் கூர்ந்து நோக்குவார்க்கு இவ்விரண்டும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பது புலனாகும். அவ்வேர் மென்பொருளின் இயல்பேயாம்.

மென்பொருளை ஒருமுறை ஆக்கிவிட்டால் ஏறத்தாழச் செலவின்றியே படியெடுக்கலாம். நூறு நாற்காலி செய்யும் தச்சனுக்கு நூறு மடங்கு மரமும் உழைப்பும் வேண்டும். செய்நிரல் எழுதுவோனுக்கு அவை வேண்டா. 2014ஆம் ஆண்டிலே பேஸ்புக் நிறுவனம் வட்ஸ்அப்பினை 1,900 கோடி டொலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது, அங்கே பணிபுரிந்தோர் ஏறக்குறைய 55 பேரே. உயர்ந்த ஊதியமும், சொந்த ஊரிலிருந்தே பிறநாட்டார்க்குப் பணிசெய்யும் வாய்ப்பும் இவ்வியல்பின் பயன்கள். ஆனாற் சிலரே பலர்க்குப் போதுமாயின், எஞ்சியோர் வேண்டாதவராதலும் எளிது. 2022 நவம்பரில் மெற்றா நிறுவனம் 11,000க்கு மேற்பட்டோரையும், 2023 ஜனவரியில் கூகிளின் தாய்நிறுவனம் ஏறத்தாழ 12,000 பேரையும் விலக்குவதாக அறிவித்தன.

மென்பொருளை எக்காலத்துந் திருத்தலாம் என்பது இரண்டாவது இயல்பு. இதனால் இளைஞனொருவனின் நல்ல எண்ணம் சின்னாளிலே பயனுக்கு வருகின்றது. பிழையைத் திருத்தவும் இடமுண்டு. ஆயினும், பாலம் கட்டியவன் அது முடிந்ததும் வீடு திரும்புவான். மென்பொருள் செய்வோனுக்கோ முடிவென்பதில்லை. அது நள்ளிரவிலே பழுதுற்றால் நள்ளிரவிலேயே எழுந்திருத்தல் வேண்டும்.

பிந்திய வேலைக்கு ஆட்களைக் கூட்டினாலென்னவெனின், அது மேலும் பிந்தும் என்று ஐ.பி.எம். நிறுவனத்திற் பணிபுரிந்த பிரெட் புறூக்ஸ் 1975இல் வெளியிட்ட நூலிலே விளக்கினார். புதியவர்க்குக் கற்பிக்கப் பழையவரின் நேரம் செலவாகும். அன்றியும், ஐவரிடையே பேச்சுத் தொடர்புகள் 10, பதின்மரிடையே 45. ஆகவே சுமை பெரும்பாலும் முன்னிருந்தோர் தோளிலேயே விழுகின்றது.

கம்பனிகளும் இருவகைப்படும். சொந்தப் படைப்பை விற்பன ஒருவகை. ஊழியரின் உழைப்பு மணித்தியாலங்களைப் பிறநாட்டு நிறுவனங்களுக்கு விற்பன மற்றொருவகை. பின்னையவற்றிற் பலவகை வேலைகளைப் பழகலாம். எனினும் படியெடுத்தலால் வரும் ஆதாயம் வாங்குவோனையே சாரும். நேரமும் அவனதே: நியூயோர்க்கிலே காலை 9 மணியாகும்போது கொழும்பிலே மாலை 6.30 அல்லது 7.30. அங்கே கூட்டந் தொடங்கும் வேளை இங்கே குடும்பம் கூடியிருக்கும் வேளை.

ஆதலின், தொழிலை நாடுவோர் ஊதியத்தை மட்டும் வினவாது, கம்பனி எதனை விற்கின்றது, இரவுப்பணி எவ்வாறு பகிரப்படுகின்றது, புதியன கற்க நேரந் தரப்படுகின்றதா என்பவற்றையும் வினவுதல் தகும். கணினி மொழிகளும் கருவிகளும் மாறிக்கொண்டேயிருக்கும். கணிதமும் அளவையியலும் தெளிவாக எழுதும் ஆற்றலும் மாறா. வகுப்பறையிலே இவற்றை ஐயமறக் கற்றவன், ஒரு கம்பனி கைவிட்டாலும் தன் தொழிலை இழவான்.