நெரிசலில் கொதிக்கும் வாகனம்: முதலில் கேட்க வேண்டிய கேள்வி

சில வருடங்களுக்கு முன்னர், நோன்புப் பெருநாள் வியாபாரம் சூடு பிடித்திருந்த நேரம் எமது விநியோக வேனும் சூடாகத் தொடங்கியது. புறக்கோட்டையில் சாமான் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால், ஆமர் வீதிச் சந்தியைத் தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் மேலே ஏறும். கிரிபத்கொடை, கடவத்தை நெரிசல் முடிந்து வீதி வெளித்ததும் தானாகவே இறங்கிவிடும். "ஓட ஓடச் சரியாகுதே, பெரிய கோளாறு இருக்காது" என்று சாரதியிடம் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு நான் கொடுத்த விலை கொஞ்சமல்ல.

ஒரு கராஜில் ரேடியேட்டரை மாற்றினார்கள். இன்னொரு கராஜில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசினார்கள். இரண்டுக்கும் காசு கொடுத்தேன், முள் இறங்கவில்லை. கடைசியில் ஒரு மாலை நேரம், நடு நெரிசலில் வேன் கொதித்து நின்றது. ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்து, பத்து நாட்கள் வண்டி கராஜில். அந்தப் பத்து நாளும் வாடகை லொறியில்தான் சாமான் போனது.

பிறகு ஒரு வயதான பாஸ் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "எப்போது சூடாகிறது?"

இந்தக் கேள்வியில்தான் பாதிப் பதில் இருக்கிறது. வாகனம் வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நெரிசலில் நிற்கும்போது அந்தக் காற்று இல்லை. அந்த வேலையை விசிறி செய்ய வேண்டும். ஆகவே நெரிசலில் முள் ஏறி, ஓட்டத்தில் இறங்கினால் முதலில் விசிறியைப் பாருங்கள். மாறாக, வேகத்திலோ கடுகண்ணாவை போன்ற ஏற்றத்திலோ முள் ஏறினால், ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், நீர்ப் பம்பி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எந்நேரமும் சூடாகி, தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் எங்கோ கசிவு, அல்லது கேஸ்கட் பழுது.

விசிறியில் இரண்டு வகை உண்டு. பெரும்பாலான கார்களில் இருப்பது மின்சார விசிறி. எஞ்சினை இயக்கி ஏ.சி.யைப் போட்டால் அநேகமான கார்களில் விசிறி சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் முதலில் பியூஸ், அடுத்து ரிலே பாருங்கள். பிறகு பற்றரியிலிருந்து விசிறிக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது சுற்றினால் மோட்டார் நல்லது. பழுது வயரிலோ சுவிட்சிலோதான். மோட்டாரை மாற்றத் தேவையில்லை.

பழைய வேன், லொறிகளில் விசிறி பெல்டில் ஓடும். நடுவில் சிலிகோன் எண்ணெய் நிரம்பிய கிளச் ஒன்று இருக்கும். எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறிய பின் விசிறியைக் கையால் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் இறுக்கம் தெரிய வேண்டும். தடையில்லாமல் பல சுற்றுச் சுற்றினாலோ, கிளச்சைச் சுற்றி எண்ணெய் கசிந்திருந்தாலோ அது முடிந்துவிட்டது. எமது வேனில் இருந்த பழுது இதுதான். பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். விசிறியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கவசம் இருக்கும். அது இல்லாவிட்டால் விசிறி ரேடியேட்டர் முழுவதிலும் காற்றை இழுக்காது. பழுதுபார்க்கும்போது கழற்றிவிட்டுத் திருப்பிப் பூட்டாத வண்டிகள் பல ஓடுகின்றன.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நமது கராஜ்களில் பழகிப்போன வைத்தியம். அது தவறு. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் எரிபொருள் கூடும். சில எஞ்சின்களில் அதைக் கழற்றினால், நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியிலேயே திரும்பிவிடும். சூடு இன்னும் ஏறும்.

ரேடியேட்டர் மூடியை அற்பமாக நினைக்காதீர்கள். நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். 0.9 என்று பொறித்த மூடி உள்ளே அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதால், கொதிநிலை சுமார் 120 பாகை வரை உயரும். மூடியின் ரப்பர் பழுதானால் இந்தப் பாதுகாப்புப் போய்விடும். அதே காரணத்தால், சூடான எஞ்சினில் மூடியை ஒருபோதும் திறக்க வேண்டாம். அழுத்தம் விட்டவுடன் கொதிநீர் முகத்தில் பாயும். கிணற்று நீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படியும், கூலன்ட் போடுங்கள்.

வீதியில் முள் ஏறினால் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்துவிடுங்கள். எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கு அதன் வழியாக வெளியேறும். முள் சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் ஆற விடுங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கக்கூடும்.

எமது வேன் கொதித்த அன்று, முள் சிவப்பைத் தொட்ட பிறகும் சாரதி இரண்டு கிலோமீற்றர் ஓட்டியிருந்தார். "ஏன் தம்பி நிறுத்தவில்லை?" என்று கேட்டேன். "பிந்தினால் ஏசுவீங்க என்று பயந்தேன் முதலாளி" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

விசிறிக் கிளச்சின் விலை, ஹெட் வேலைக்குக் கொடுத்ததில் சிறு பங்குதான். ஆனால் அந்தச் செலவை உண்டாக்கியது கிளச் மட்டுமல்ல, எனது ஏச்சும்தான். இப்போது எங்கள் வண்டிச் சாவியைக் கொடுக்கும்போது ஒன்றைச் சொல்லியே கொடுக்கிறேன்: "முள் ஏறினால் நிறுத்து, பிறகு எனக்கு ஃபோன் எடு. கடைக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன்." உங்கள் சாரதிக்கும் இன்றே சொல்லிவிடுங்கள். இதற்குக் காசு செலவில்லை.