பேர் மறைந்தது, பூசை நிற்கவில்லை

பெங்களூரு என்ற ஊர்ப்பெயர் நமக்கு முதன்முதலில் கிடைப்பது ஒரு வீரனின் சாவுச் செய்தியில்தான். ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில், பேகூர் நாகேசுவரர் கோயிலில் இருக்கிறது அந்தக் கன்னடக் கல்வெட்டு. காலம் சுமார் கி.பி. 890. பெங்களூருப் போரில் நாகத்தரன் என்ற தலைவனின் ஆள் ஒருவன் மாண்டான் என்கிறது.

இப்படி மாண்ட வீரர்களுக்கு ஓசூர்ப் பக்கத்தில் நட்ட நடுகற்களிலும் கன்னட நாட்டுச் சாயல்தான். மூன்று அடுக்கு. கீழே சண்டை. நடுவில் தேவமகளிர் இருபுறமும் தாங்கி வீரனை மேலே கொண்டுபோகிறார்கள். உச்சியில் அவன் லிங்கத்தின் முன் கைகூப்பியிருக்கிறான்.

தென்கிழக்கே ஊத்தங்கரை, செங்கம் என்று இறங்கினால் கல் எளிமையாகிவிடும். வில்லும் வாளுமாக ஒற்றை ஆள், மேலே வட்டெழுத்து. பலரும் மாடு மீட்கப் போய் உயிர்விட்டவர்கள். செங்கம் நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் நூலாகவே வெளியிட்டது. அவற்றில் என் மனம் ஒட்டிக்கொண்டது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மன் காலத்து வீரன் கருந்தேவக்கத்தியின் பக்கத்திலேயே அவன் நாய் கோவிவனும் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் காத்தது என்று அதற்கும் எழுத்து வெட்டியிருக்கிறார்கள்!

இப்படிப்பட்ட கற்கள்தான் இந்த வட்டாரத்தில் வேடியப்பன் சாமி. எண்ணெய், மஞ்சள், பொங்கல், கடா வெட்டு, நேர்ந்துகொண்ட மண்குதிரை எல்லாம் உண்டு. பிள்ளைக்கும் அந்தப் பேரையே வைக்கிறார்கள். தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமானின் நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைத்ததை ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அதே மண்ணின் வழிபாடுதான் இது.

சீனாவின் ஃபூஜியான் கடலோரத்திலும் இப்படி ஒருவர் உண்டு. சாங்சோ பகுதியை நிலைப்படுத்தி, 711-ல் போரில் மாண்ட தாங் பேரரசின் தளபதி சென் யுவான்குவாங். அவர் சாமியானார். கடல் தாண்டிப் போன மக்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவருக்குக் கோயில் எழுப்பினார்கள். அவருக்குப் பட்டமும் பரம்பரையும் இருக்கின்றன. நம்மவர் பலருக்குச் சொந்தப் பேர்கூட ஊர் நினைவில் இல்லை. இருந்தும் ஆயிரம் ஆண்டு தாண்டிப் படையல் நடக்கிறதே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

பூசை உள்ள கல் பிழைத்துக்கொள்கிறது. பூசை நின்றால் துணி துவைக்கும் கல்லாகும், வாய்க்கால் பாலத்துக்குப் பலகையாகும். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றி மனை பிரிக்க வரும் ஜேசிபி கொஞ்சமாவது தயங்குவது சாமிக்கல் என்றால்தான். அதனால் கல்லை ஊரிலிருந்து பெயர்த்துக்கொண்டு போகாமல் ஊர்க்காரர் கையிலேயே விட வேண்டும் என்பேன்.

ஒன்றை மட்டும் ஊர் செய்ய வேண்டும். கும்பாபிஷேகத்துக்கு எனாமல் பெயிண்ட் அடிக்குமுன், எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி மைப்படி எடுக்கவிட வேண்டும். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்றினால் எழுத்து வெள்ளையாக எழும்பும். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு, பெயிண்ட் வேலையை அதுவரை தள்ளிவைத்தால் போதும்.