நீலத்திரைக்குப் பின்னால் – 9: இடம் மாறும் பிழை

இயங்குதள இன்ஸ்டால் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றால் பென் டிரைவைச் சந்தேகியுங்கள் என்று போன வாரம் பார்த்தோம். இந்த வாரம் பவர் சப்ளை என்று சொல்லியிருந்தேன். அதற்குள் ரேம் குறுக்கே வந்துவிட்டது.

முதல் தடவை 23 சதவீதத்தில் நிற்கிறது. மறுபடி தொடங்கினால் 61-இல் நீலத்திரை. அடுத்த தடவை, கோப்பு சிதைந்திருப்பதாகச் செய்தி வருகிறது. பிழை இப்படி இடம் மாறிக்கொண்டே இருந்தால் முதலில் ரேமைச் சோதியுங்கள். பென் டிரைவில் சிதைந்த கோப்பு பெரும்பாலும் அதே இடத்தில்தான் காலை வாரும்.

நேற்றுவரை ஓடிய கம்ப்யூட்டர் இன்ஸ்டாலில் மட்டும் ஏன் விழ வேண்டும்? திரையில் தெரியும் படத்தில் ஒரு பிட் புரண்டால் ஒரு புள்ளியின் நிறம் மாறும். யார் கண்ணிலும் படாது. ஆனால் இயங்குதளக் கோப்புகள் சுருக்கப்பட்டு வருகின்றன, ரேமில் வைத்துத்தான் விரிக்கப்படுகின்றன. அங்கே ஒரு பிட் புரண்டால் பின்னால் வருவதும் சேர்ந்து குழம்பும். சரிபார்ப்பில் உடனே மாட்டிக்கொள்ளும்.

சரி, பிட் ஏன் புரள்கிறது? இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்தது இந்தக் கேள்விதான்.

1970-களின் பிற்பகுதியில் இன்டெலின் டிரேம் என்னும் ரேம் சிப்களில் பிட்கள் தாமாகவே புரண்டன. அதே இடத்தில் மறுபடி எழுதினால் சரியாக நின்றன. சிப்பில் பழுது எதுவும் இல்லை. இன்டெலில் இருந்த டிமோதி மே, முர்ரே வுட்ஸ் இருவரும் 1978-இல் காரணத்தை வெளியிட்டார்கள். சிப்பை மூடியிருந்த உறையில் யுரேனியமும் தோரியமும் மிகமிகச் சிறிய அளவில் கலந்திருந்தன. அவற்றிலிருந்து கிளம்பும் ஆல்பா துகள் ஒன்று சிலிக்கானுக்குள் பாய்ந்தால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட எலக்ட்ரான்கள் விடுபடும். டிரேமில் ஒரு பிட் என்பது நுண்ணிய மின்தேக்கியில் தங்கியிருக்கும் மின்னூட்டம்; அந்தக் காலத்து செல்லில் 0-க்கும் 1-க்கும் உள்ள வித்தியாசமே ஏறக்குறைய அந்த அளவுதான். ஒரே ஒரு துகள் போதும்! பீங்கான் உறை தயாரித்த ஆலை அமெரிக்காவின் கிரீன் நதிக்கரையில், பழைய யுரேனியச் சுரங்கத்துக்குக் கீழ்ப்பக்கம் இருந்தது. ஆற்றுநீர் வழியாக வந்த தாதுவின் எச்சம் கம்ப்யூட்டரின் நினைவை மாற்றி எழுதியிருக்கிறது.

  

உங்கள் மேசைக்கு வருவோம். ஆல்பா துகளால் வரும் பிழை அதே செல்லில் திரும்பத் திரும்ப வராது. கூகுளின் சர்வர்களில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் திரட்டிய தகவல்களை ஆய்வாளர் பியான்கா ஷ்ரோடரும் கூட்டாளிகளும் அலசி 2009-இல் வெளியிட்டார்கள். ஓராண்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மெஷின்களில் ரேம் பிழை தென்பட்டது. அதில் பெரும்பகுதி தற்செயலாகப் புரண்டதல்ல. ரேமிலேயே இருந்த நிரந்தரப் பழுது. அதனால்தான் உங்கள் இன்ஸ்டாலும் திரும்பத் திரும்ப விழுகிறது.

கண்டுபிடிக்க மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனை நிரல் போதும். பென் டிரைவிலிருந்து பூட் செய்து இரவு முழுக்க ஓட விடுங்கள். பழுது இருந்தால் சிவப்பில் ஒரு வரி வரும்: எழுதியது 00000000, படித்தது 00000400. மாறியது ஒரே ஒரு பிட். ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேமை நம்பாதீர்கள். பயாஸில் ரேமை வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டிருந்தால் எடுத்துவிட்டு மறுபடி சோதியுங்கள். பிறகு மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே மாட்டிப் பாருங்கள், ஸ்லாட்டையும் மாற்றுங்கள். பிழை ஸ்டிக்கோடு போனால் ஸ்டிக், ஸ்லாட்டிலேயே தங்கினால் மதர்போர்டு.

லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸையே 2022 அக்டோபரில் ஒரு ரேம் ஸ்டிக் அலைக்கழித்தது. கம்பைல் செய்யும்போது ஆங்காங்கே விழ, கெர்னலில் புதிதாகச் சேர்ந்த பழுதாக இருக்குமோ என்றுதான் முதலில் நினைத்தார். பிழையைத் தானே திருத்தும் இசிசி ரேம் வீட்டுக் கம்ப்யூட்டர்களிலும் சாதாரணமாக இருக்க வேண்டும் என்று அதற்கு முந்தைய ஆண்டே காரசாரமாக வாதாடியவர் அவர். அந்த வாதம் முழுக்க நியாயம் என்பேன்.

மெம்டெஸ்டில் ஒரு சிவப்பு வரிகூட இல்லை, ஆனாலும் இன்ஸ்டால் விழுகிறதா? அப்போது பவர் சப்ளை. அடுத்த வாரம் அதுதான்.